அட்டை செருகப்படவில்லை

பொத்தானை அழுத்தியதும் ஒரு பெண் பேசுவாள்.
ஜப்பானிய மொழி. நாலைந்து சொல், ஒரே மூச்சில்,
வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே
உள்ளே யாருக்கோ சொல்வதுபோல.

உலான்பாத்தரில் பாதி வண்டிகளுக்குள் இவள்தான் இருக்கிறாள்.
டா குரே சந்தையில் வாங்கும்போதே கேட்டேன்,
என்ன சொல்கிறாள் என்று.
விற்றவன் தோளைக் குலுக்கினான்:
"பேசுகிறாள் என்றால் பேட்டரி இருக்கிறது என்று அர்த்தம்."
அன்றைக்கு மீட்டரில் ஒரு லட்சத்து எண்பதாயிரம்.
இன்றைக்கு நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
முதல் எண்ணை நான் அப்போதே நம்பவில்லை.
அந்தச் சந்தையில் கிலோமீட்டர் பின்னோக்கியும் ஓடும்.

மைனஸ் முப்பத்தெட்டில்
பக்கத்துக் கட்டடத்துத் தம்தினின் பெரிய ஜீப்
இருமுகிறது. இருமி இருமி அடங்கிவிடுகிறது.
பானட்டைத் திறந்து
எஞ்சினுக்குப் போர்த்திய கம்பளிக்குள் தலையை விடுகிறார்.
நான் பொத்தானை அழுத்துகிறேன்.
அவள் பேசுகிறாள்.
கையசைக்காமல் கிளம்பிவிடுகிறேன்.
அசைத்தால் கேலி ஆகிவிடும்.

நல்ல வண்டி என்று சொல்ல வரவில்லை.
பேட்டரிக்குள் இருபத்தெட்டுக் கட்டிகள்.
பதினொன்றை டாஷ்ன்யாம் மாற்றிவிட்டான்,
ஒவ்வொன்றும் ஒவ்வொரு செத்த வண்டியிலிருந்து.
ஹீட்டர் என் வலது காலுக்கு மட்டும் வேலை செய்கிறது.
பின்கதவு உள்ளிருந்து திறக்காது.
நானே இறங்கிப்போய்த் திறந்துவிடுவதால்
மரியாதை தெரிந்தவள் என்று எனக்குப் பேர்.

ஸ்டியரிங் வலப்பக்கம்,
ஓட்டுவதும் சாலையின் வலப்பக்கம்.
முன்னால் லாரி போனால் எனக்கு லாரிதான் உலகம்.
எதிரே வருவது இடது இருக்கைக்குத்தான் தெரியும்.
எட்டு வருஷம் அங்கே ஓச்சிர் உட்கார்ந்திருந்தான்.
"பொறு. பொறு. ம், போ."
வீட்டில் பேச்சு நின்றுபோன பிறகும்
இந்த வார்த்தைகள் மட்டும் எங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தன.
பிறகு அவன் இடப்பக்க ஸ்டியரிங் வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு போனான்.
அதில் யாரும் எட்டிப்பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை.
அதற்கப்புறம் தர்கான் சாலையில்
நிலக்கரி லாரியின் புகையைக் குடித்தபடி
எழுபது கிலோமீட்டர் பின்னாலேயே போயிருக்கிறேன்.
முந்தவில்லை.

போன மாதம் தர்கானுக்கு ஒரு பையன் ஏறினான்.
சப்போரோவில் மீன் தொழிற்சாலையில் நாலு வருஷம் இருந்தவனாம்.
பின்கதவைத் திறக்கப் போனேன்,
"வேண்டாம்" என்று முன்னால் உட்கார்ந்தான்.
அவள் பேசினாள்.
பையன் சிரித்துவிட்டான்.
"அட்டை செருகப்படவில்லை என்கிறாள், அக்கா."
"என்ன அட்டை?"
"அங்கே சுங்கச்சாவடியில் காசு கழிகிற அட்டை.
இங்கே அப்படி ஒன்றே கிடையாது.
அது இல்லை, இல்லை என்று தினமும் சொல்கிறாள்."

பதினோரு வருஷம்.
"சரி" என்று பதில் சொல்லியிருக்கிறேன் அதற்கு.
மகள் பரீட்சைக்குப் போன காலையில்
நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.
ஓச்சிர் போன மறுநாள்
வீட்டில் வேறு குரலே இல்லாததால்
இரண்டு தடவை அணைத்துப் போட்டேன்.

நகரம் தாண்டியதும் லாரி வந்தது.
நான் கேட்கவில்லை. பையனே கழுத்தை நீட்டினான்.
"வாங்க, வாங்க... ஐயோ, இல்லை, பொறுங்க."
ஒரு பஸ் எங்களை உரசாத குறையாகப் போனது.
இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு மெதுவாக, "இப்போ" என்றான்.
லாரியைத் தாண்டினால்
எவ்வளவு பெரிய வெள்ளை!
பனி, பனிக்கு மேல் வெயில்,
தூரத்தில் காரணமில்லாமல் நிற்கும் நாலு குதிரை.
கூலியில் ஐயாயிரம் குறைத்துக்கொண்டேன்.
ஏன் என்று அவனும் கேட்கவில்லை.

மறுநாள் பொத்தானை அழுத்தினேன்.
அட்டை செருகப்படவில்லை.
"தெரியும்" என்றேன். கிளம்பியது.

இன்று காலை அவள் பேசி முடித்த பிறகு
புதிதாக ஓர் ஆரஞ்சு விளக்கு.
அதை மொழிபெயர்க்க யாரும் வேண்டாம்.
பன்னிரண்டாவது கட்டி.